சூனியக்காரியின் நோட்டுப் புத்தகம்

ஆற்றுகால் பொங்காலைக்கு இரண்டு நாள் முன்பு, கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள் என் அக்கா மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தோளில் ஒரு பை. கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றின் நுனியில், வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம்.

"என்னடி இது, கட்சிச் சின்னமா?" என்றாள் என் அம்மா. இந்த ஊரில் நட்சத்திரத்தைப் பார்த்தால் முதலில் அப்படித்தான் தோன்றும்.

"இல்லை பாட்டி. நான் இப்போ விக்கன்."

அம்மாவின் காதில் விக்கல் என்று விழுந்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

விக்கா என்பது இங்கிலாந்தில் தோன்றி அமெரிக்காவில் பரவிய ஒரு மதம். ஒரு தேவி, கொம்புள்ள ஒரு தேவன், பௌர்ணமிக் கூட்டங்கள், பருவங்களை ஒட்டி ஆண்டுக்கு எட்டுப் பண்டிகைகள், தரையில் ஒரு வட்டம், கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தி. 'விட்ச்' என்ற சொல்லை, சூனியக்காரி என்ற வசையை, இவர்கள் விரும்பித் தங்களுக்குச் சூட்டிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் கல்கத்தாவைச் சேர்ந்த இப்ஸிதா ராய் சக்ரவர்த்தி 1986-இல் தன்னை அப்படிப் பகிரங்கமாக அறிவித்துக்கொண்டபோது பத்திரிகைகள் கொஞ்ச நாள் பரபரத்தன. இப்போது அது பரபரப்பு இல்லை. பெரிய நகரங்களில் இருபத்தைந்து வயதுப் பெண்கள் சிலருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுதல்.

எனக்கு இதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. யாருக்கும் தொந்தரவு தராத வழிபாட்டை ஆட்சேபிக்க நான் யார்? ஆனால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சொன்ன இரண்டு வாக்கியங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

"மாமா, இது பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தைய மதம். கிறிஸ்தவர்கள் வந்து ஒடுக்கினார்கள். தொண்ணூறு லட்சம் பெண்களை எரித்தார்கள். அப்படியும் தாயிடமிருந்து மகளுக்கு ரகசியமாக வந்துகொண்டே இருந்தது."

தொண்ணூறு லட்சம் என்பது தப்புக் கணக்கு. ஐரோப்பாவில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை என்பதுதான் நீதிமன்றப் பதிவுகளைத் தோண்டிய வரலாற்று ஆசிரியர்களின் மதிப்பீடு. அதுவே போதுமான கொடுமை. அதைப் பெருக்கிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. கொல்லப்பட்டவர்களில் ஆண்களும் கணிசம். அவர்கள் எந்தப் பழைய மதத்தையும் ரகசியமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக ஆதாரம் இல்லை. பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போன சாதாரண கிராமத்து ஜனங்கள். பக்கத்து வீட்டுப் பசு செத்ததற்காகப் பழி சுமந்தவர்கள்.

பத்தாயிரம் வருஷக் கதைதான் சுவாரசியமானது. ஏனென்றால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், வழியில் இலங்கைத் தேயிலைத் தோட்டமும், கொழும்பில் ஒரு தமிழ்ப் பிரமுகரின் வீடும், அடையாறும், மதுரையும் வருகின்றன.

விக்காவின் பிதாமகர் ஜெரால்டு கார்ட்னர். 1884-இல் லிவர்பூலுக்குப் பக்கத்தில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. ஆங்கிலக் குளிர் ஆகாது என்று வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு இலங்கை மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொழுந்து பறித்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அப்போது மலையகத் தோட்டங்கள் ஓடியதே தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் முதுகில்தான். 1910-இல் கொழும்பில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு போர்னியோ, மலேயா. சுங்க இலாகாவில் உத்தியோகம். மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தி பற்றி 1936-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதே ஆண்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு தோட்டத்தில் ரோஜா வளர்ப்பார் என்று எதிர்பார்ப்போம். கார்ட்னர், தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் வனப் பகுதியில் ஒரு பழைய சூனியக் குழுவைக் கண்டுபிடித்ததாகவும், 1939 செப்டம்பரில் அவர்கள் தனக்குத் தீட்சை கொடுத்ததாகவும் சொன்னார். சூனியத்துக்கு எதிரான 1735-ஆம் வருடத்துப் பழைய சட்டத்தை 1951-இல் இங்கிலாந்து ரத்து செய்தது. 1954-இல் 'இன்றைய சூனியம்' என்ற பொருள்படும் தலைப்பில் கார்ட்னரின் புத்தகம் வெளிவந்தது. அழிந்துகொண்டிருக்கும் ஆதி மதம் ஒன்றின் கடைசிச் சாட்சி நான் என்பது அதன் தொனி.

அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மர்ரே. எகிப்திய ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பெண்மணி. 1863-இல் நம் கல்கத்தாவில் பிறந்தவர். ஐரோப்பாவில் எரிக்கப்பட்ட சூனியக்காரிகள் உண்மையில் ஒரு பழைய மதத்தின் பூசாரிகள் என்று 1921-இல் ஒரு நூலில் வாதிட்டவர் இவர்தான். பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் அவருடைய ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலங்களிலிருந்து தனக்கு வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. வாதம் விழுந்துவிட்டது. அதன் மேல் கட்டிய மதம் நின்றுவிட்டது. இப்படியும் நடக்கும்.

கார்ட்னரிடம் கையால் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. 'நிழல்களின் புத்தகம்' என்று பெயர். சடங்குகள், மந்திரங்கள், தீட்சை முறைகள் எல்லாம் அதில். தீட்சை பெறுபவர் குருவின் நோட்டைப் பார்த்துத் தன் கையாலேயே பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே காட்டக் கூடாது என்று சத்தியம்.

1953-இல் டோரின் வேலியன்டி என்ற பெண்மணி தீட்சை பெற்று அந்த நோட்டைப் பிரித்தார். படித்தவர், கவிதை எழுதுபவர். படிக்கப் படிக்கப் புருவம் உயர்ந்தது. ஆதி காலத்து மந்திரம் என்று கார்ட்னர் கொடுத்த வரிகளில் பல அவர் ஏற்கெனவே படித்தவை. அலிஸ்டர் குரோலி என்ற மாந்திரீகர் எழுதி அச்சிட்டவை. சில வரிகள் சார்லஸ் லேலண்ட் என்ற அமெரிக்கர் 1899-இல் வெளியிட்ட இத்தாலிய சூனிய நூலில் இருந்தன. ஒரு செய்யுள், பம்பாயில் பிறந்த ருட்யார்டு கிப்ளிங்குடையது.

கேட்டதற்குக் கார்ட்னர் மழுப்பவில்லை என்பதுதான் அழகு. தனக்குக் கிடைத்தது துண்டு துணுக்குகள், இடைவெளியைக் கையில் அகப்பட்டதைக் கொண்டு நிரப்பினேன் என்றார். உன்னால் இதைவிட நன்றாக எழுத முடிந்தால் எழுது என்றும் சொன்னார். வேலியன்டி எழுதினார். குரோலியின் வாசனையை முடிந்தவரை துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். இன்று உலகெங்கும் விக்கன்கள் தேவியின் வாக்காகச் சொல்லும் உரைநடை அவர் திருத்தி அமைத்தது.

இப்போது நோட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக உரித்துப் பார்க்கலாம்.

முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்ற தீட்சை வரிசை, கண்ணைக் கட்டிக் கயிற்றால் பிணைத்து அழைத்து வருவது, சடங்கின் முடிவில் 'அப்படியே ஆகுக' என்று பழைய ஆங்கிலத்தில் சொல்வது எல்லாம் ஃப்ரீமேசன்களிடமிருந்து. வட்டம், கறுப்புப் பிடிக் கத்தி, அதில் பொறிக்கும் அடையாளங்கள் 'சாலமோனின் திறவுகோல்' என்ற மந்திர நூலிலிருந்து. அதை 1889-இல் ஆங்கிலத்தில் கொடுத்தவர் மாதர்ஸ் என்பவர். நான்கு திக்குகளையும் நான்கு பூதங்களோடு பொருத்தி அழைப்பது, காற்றில் நட்சத்திரம் வரைவது இவை 'கோல்டன் டான்' என்ற ரகசியச் சங்கத்திலிருந்து. 1888-இல் லண்டனில் அதைத் தொடங்கியவர்களில் மேற்படி மாதர்ஸும் ஒருவர். குரோலி அந்தச் சங்கத்தில் பயின்று, சண்டை போட்டு வெளியேறியவர்.

குரோலியிடம் வந்துவிட்டோமா, இனி கப்பல் நம் பக்கம் திரும்புகிறது.

'கோல்டன் டா'னில் குரோலிக்கு ஆசானாக இருந்தவர் ஆலன் பென்னட். அவருக்கும் ஆஸ்துமா. அவரும் குளிருக்குப் பயந்து 1900-இல் இலங்கை வந்தார். கொழும்பில் அவருக்கு இடம் கொடுத்தவர் பொன்னம்பலம் இராமநாதன். ஆம், அதே சர் பொன்னம்பலம் இராமநாதன்தான். அப்போது இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல். பின்னாளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பியவர். அவருடைய குரு தஞ்சாவூரைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமிகள். மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவ நோக்கில் ஆங்கிலத்தில் உரை எழுதியவர் இராமநாதன் என்பது பலருக்குத் தெரியாது. பென்னட் அவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர் பென்னட்டுக்கு யோகம் சொல்லிக் கொடுத்தார்.

1901-இல் சிஷ்யன் குரோலி வந்து சேர்ந்தார். இருவரும் கண்டியில் ஒரு பங்களா எடுத்து, ஆசனம், பிராணாயாமம், தாரணை, தியானம் என்று மாதக் கணக்கில் பயின்றார்கள். அங்கே கற்றது பின்னாளில் குரோலியின் மாந்திரீக முறையில் பாதி அஸ்திவாரம் ஆனது. பென்னட் பர்மாவுக்குப் போய்ப் பௌத்தத் துறவியானார். குரோலி தென்னிந்தியா வந்தார். மதுரைக் கோயிலில் ரகசியச் சந்நிதி ஒன்றில் அனுமதி பெற்று, பவானிக்கு ஓர் ஆடு பலி கொடுத்ததாகச் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். மீனாட்சி கோயிலில் ஆடு வெட்டும் சந்நிதி எங்கே இருக்கிறது என்று மதுரைக்காரர்கள்தான் அவரை எழுப்பிக் கேட்க வேண்டும். இந்தத் துறையில் எந்தச் சுயசரிதையையும் ஒரு சிட்டிகை உப்போடு படிப்பது நல்லது.

இன்னொரு வேடிக்கை. குரோலியும் பென்னட்டும் காலி செய்த பங்களாவுக்குப் பக்கத்து பங்களாவில் சில நாட்கள் குடியிருந்தவர், பதினேழு வயதுப் பையன் ஜெரால்டு கார்ட்னர். அப்போது இருவரும் சந்திக்கவில்லை. சந்தித்தது 1947 மே முதல் தேதி, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில், குரோலி நோயாளியாகப் படுத்துவிட்ட காலத்தில். அந்த டிசம்பரில் குரோலி இறந்துபோனார். இடையில் கிடைத்த சில மாதங்களில் கார்ட்னர் அவரிடமிருந்து நிறையப் புத்தகங்களும், அவருடைய சங்கத்தின் பெயரில் தீட்சை தரும் அதிகாரப் பத்திரமும் வாங்கிக்கொண்டார்.

அடையாறு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். கார்ட்னர் ஓய்வு பெற்று வந்த பின் போய்ச் சேர்ந்தது க்ரோடோனா என்ற ஒரு மறைஞான வட்டத்தில். அதன் உறுப்பினர்களில் ஒருவர் மேபல் பெசன்ட் ஸ்காட். நம் அன்னி பெசன்ட்டின் மகள். நியூ ஃபாரஸ்ட் குழுவைத் தனக்கு அறிமுகப்படுத்தியவர்கள் இந்த வட்டத்துக்காரர்கள்தான் என்று கார்ட்னரே சொல்லியிருக்கிறார். பிளாவட்ஸ்கி அம்மையார் 1882-இல் தியாசபிகல் சங்கத்தின் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தது முதல், கர்மம், மறுபிறவி, சூட்சும சரீரம் போன்ற சொற்கள் லண்டன் வரவேற்பறைகளில் காபிக் கோப்பையோடு சுற்றிவந்தன. விக்கன்களின் மறுபிறவி நம்பிக்கை அந்தக் காற்றில் வளர்ந்தது. அவர்கள் ஆடையின்றி வழிபடுவதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்கைகிளாட்'. வானத்தை உடுத்தவர். திகம்பரர் என்ற சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால் இதுதான் கிடைக்கும்.

இவ்வளவையும் ஒரே இரவில் சொல்லவில்லை. இரண்டு இரவுகள் ஆயிற்று. மருமகள் முதலில் வாதாடினாள். பிறகு அமைதியானாள். பிறகு கோபப்பட்டாள்.

"அப்போ எல்லாம் நம்மகிட்டேயிருந்து திருடினதுதானா மாமா?"

இது அடுத்த பள்ளம். ஒரு பொய்ப் பழமையிலிருந்து எழுந்து இன்னொன்றில் விழுவது. அம்மா விளக்கேற்றிய பின் சுட்டு விரலால் தலையைச் சுற்றிச் சொடுக்குப் போட்டுத் திக்பந்தனம் செய்வதைக் காட்டி, "வட்டமும் இங்கிருந்து போனதுதான்" என்றாள். இல்லை. ஐரோப்பிய மந்திர நூல்களில் வட்டம் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. பயந்த மனிதன் எந்த ஊரிலும் தன்னைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொள்வான். ஒன்றைப்போல் ஒன்று இருப்பது உறவுக்குச் சாட்சியாகாது. பெயரும் தேதியும் கைமாறிய வழியும் இருந்தால்தான் கடன் என்று சொல்லலாம். இராமநாதனிடம் பென்னட் கற்றதற்கு அது இருக்கிறது. அம்மாவின் சொடுக்குக்கு இல்லை.

"அப்படின்னா விக்கா போலியா?"

ரொனால்டு ஹட்டன் என்ற ஆங்கில வரலாற்று ஆசிரியர் 1999-இல் இந்தக் கதை முழுவதையும் ஆராய்ந்து ஒரு தடிமனான நூல் எழுதினார். பழமைக்கு ஆதாரம் இல்லை என்று நிறுவினார். அதே மூச்சில், இங்கிலாந்து உலகத்துக்குக் கொடுத்த ஒரே முழு மதம் இதுதான் என்று மதிப்போடும் எழுதினார். விக்கன்களில் சிலர் கோபப்பட்டார்கள். பலர் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் மதத்துக்கு வயது எண்பதுக்குள்தான், அதனால் என்ன என்று கேட்கும் விக்கன்கள் இன்று நிறைய. அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

பழைய சுவடி கிடைத்தது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வியைத் திருவனந்தபுரம் ஒரு முறை நேராகவே சந்தித்திருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் தருவை கிராமத்தில் 1860-இல் பிறந்து, இங்கே திருவிதாங்கூர் அரசின் சமஸ்கிருதச் சுவடிப் பதிப்பு இலாகாவை நடத்தியவர் மகாமகோபாத்யாய த. கணபதி சாஸ்திரி. 1909-இல் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணலிக்கரை மடத்தில், மலையாள எழுத்தில் இருந்த ஓர் ஓலைக் கட்டை அவர் கண்டெடுத்தார். உள்ளே சமஸ்கிருத நாடகங்கள். ஆசிரியர் பெயர் இல்லை. காளிதாசனுக்கும் முந்தைய பாஸன் எழுதித் தொலைந்துபோன நாடகங்கள் இவை என்றார் சாஸ்திரி. 1912 தொடங்கிப் பதின்மூன்று நாடகங்களைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. உடனே சண்டையும் ஆரம்பித்தது. இவை பாஸன் எழுதியவை அல்ல, கேரளத்துச் சாக்கியார்கள் மேடைக்காக வெட்டி ஒட்டியவை என்றார்கள் சிலர். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சண்டை முழுதாக ஓயவில்லை.

கார்ட்னருக்கும் சாஸ்திரிக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் பழைய பொக்கிஷம் கிடைத்தது என்று சொன்னவர்கள்தான். சாஸ்திரி எங்கே கிடைத்தது, எத்தனை ஓலை, எந்த எழுத்து, எந்த இடம் சிதைந்திருக்கிறது என்று எழுதி, எல்லோர் கையிலும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். தான் சொன்னது தவறு என்று நிரூபிக்கத் தேவையான ஆயுதத்தையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார் என்று அர்த்தம். கார்ட்னரின் நோட்டு சத்தியத்துக்குள் பூட்டப்பட்டிருந்தது. வேலியன்டி போல நிறையப் படித்த ஒருவர் உள்ளே நுழையும்வரை கேள்வி கேட்க ஆளில்லை.

மந்திர சாஸ்திரத்தையும் சாஸ்திரி விட்டுவைக்கவில்லை. அதே மணலிக்கரை மடத்தில் கிடைத்த 'ஆர்ய மஞ்சுஸ்ரீ மூலகல்பம்' பௌத்தர்களின் மந்திர நூல். மண்டலம் போடுவதும் மந்திரம் சித்தியாவதும் பற்றியது. 1920 முதல் 1925-க்குள் மூன்று பாகமாக அதை அச்சிட்டார். அச்சில் வந்ததால்தான் திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளோடு வைத்துப் பார்த்து, இது ஒரே காலத்தில் எழுதியது அல்ல, பல நூற்றாண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடிந்தது. கேரளத்துக் கோயில்களில் தந்திரிகள் இன்றும் பின்பற்றும் 'தந்திர சமுச்சய'மும் அதே வரிசையில் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் சேந்நாஸ் நாராயணன் நம்பூதிரி செய்தது. சமுச்சயம் என்றால் தொகுப்பு. முன்னோர் நூல்களிலிருந்து திரட்டியது என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டு விட்டார். கார்ட்னர் கேட்டிருக்க வேண்டிய பாடம்.

அந்தப் பழைய இலாகாவின் சுவடிகள் இன்று காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. பல்லாயிரம் கட்டுகள். வைத்தியமும் சோதிடமும் மந்திரவாதமும் அதில் உண்டு. அங்கே மந்திர ஓலை வைத்தியத்துக்கும் இலக்கணத்துக்கும் பக்கத்தில், எண் ஒட்டப்பட்டுச் சாதுவாகப் படுத்திருக்கிறது. யாரும் அதைக் கண்டு பயப்படுவதில்லை.

பயம் வெளியே இருக்கிறது. 2017 ஏப்ரலில், எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், நந்தன்கோட்டில் ஒரே வீட்டில் நான்கு பேர் கொலை செய்யப்பட்டார்கள். பெற்றோர், மகள், ஓர் உறவுக்கார மூதாட்டி. கைதானவர் அந்த வீட்டு மகன். உடலை விட்டு உயிரைப் பிரித்து அனுப்பும் 'ஆஸ்ட்ரல் புரொஜெக்ஷன்' முயற்சி என்று அவர் சொன்னதாகப் போலீஸ் தெரிவித்தது. 2025 மே மாதம் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் சொன்னது காரணமா, சாக்கா என்பது வேறு விஷயம். விக்காவுக்கும் இந்தக் கொலைக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தச் சொல் எப்படி நந்தன்கோடு வந்தது? லிங்க சரீரம் என்ற நம் சொல்லை 'ஆஸ்ட்ரல்' உடல் என்று ஆங்கிலத்தில் பொருத்தியவர்கள் தியாசபிக்காரர்கள். உயிர் உடலை விட்டு உலவப் பயிற்சி முறை வகுத்தவர்கள் 'கோல்டன் டான்' மாதிரியான சங்கத்தார். ஆதி ரகசியம் என்ற முத்திரையோடு உலகம் சுற்றிவிட்டு, அடையாற்றுக்குத் தெற்கே ஓர் ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது.

2022 அக்டோபரில் பத்தனம்திட்டா மாவட்டம் இலந்தூரில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டது வெளிவந்தது. ஐசுவரியம் பெருகச் செய்த நரபலி என்றது போலீஸ். இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் நம் தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வடக்கே, கிழக்கே, சூனியக்காரி என்று பெயர் வைத்துப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க 1999-இல் பீகார் சட்டம் போட்டது. பிறகு ஜார்க்கண்ட், அசாம் என்று வரிசையாகப் போட்டார்கள். அசாமில் வீடு வீடாகப் போய் இதை எதிர்த்த பிருபாலா ராபாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சட்டமும் விருதும் வந்த பிறகும் செய்திகள் நிற்கவில்லை.

பெங்களூர் மாடியில் தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிக்கொள்ளும் பெண்ணுக்கு அது அலங்காரம். ஒரு கிராமத்தில் அடுத்த வீட்டுக்காரன் அதே சொல்லைச் சொன்னால் மரண தண்டனை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை என் மருமகள் மறந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. கேள்வி கேட்டால் கொலைகள் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரகசியம், பரம்பரை, ஆதி காலம் என்று சொல்லி ஒருவர் உங்கள் எதிரே உட்காரும்போது, "யார் எழுதியது? எப்போது? எங்கே, காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நல்லவராக இருந்தால், கார்ட்னர் மாதிரி உண்மையைச் சொல்லிவிடுவார். மற்றவர் கோபப்படுவார். அந்தக் கோபம் உங்களுக்குப் போதுமான தகவல்.

பொங்காலை அன்று காலை எங்கள் தெரு முழுக்க மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு. கோயிலில் தோற்றம் பாட்டில் கண்ணகி கதை நடந்துகொண்டிருந்தது. பாண்டியன் வதம் பாடி முடித்ததும் கோயில் அடுப்பில் ஏற்றிய தீ, கைக்குக் கை மாறி ஊர் முழுக்கப் பரவும். மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூர் போகும் வழியில் கண்ணகி கிள்ளியாற்றங்கரையில் தங்கிய இடம் ஆற்றுகால் என்பது ஐதீகம். 2009-இல் இருபத்தைந்து லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய விழா. தேவியைத் தேடி இங்கிலாந்து வரை போன மருமகள், பாட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓலை தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, இது எத்தனை காலமா நம்ம தெருவிலே நடக்குது?"

"நான் கல்யாணமாகி வந்தப்போ கோயிலைச் சுத்தித்தான் அடுப்பு வைப்பா. நாங்க நடந்து போவோம். இந்தத் தெருவுக்கு வந்ததெல்லாம் பின்னாலேதான்."

"வருஷம் ஞாபகம் இருக்கா?"

"நீ என்னடி, சென்சஸ் எடுக்கறவ மாதிரி?"

பானை பொங்கியது. அதற்குப் பிறகு தலைவலி தீர நேர்ந்துகொண்டவர்கள் செய்யும் மண்டைப்புட்டு. பாசிப்பயறு எவ்வளவு வறுக்க வேண்டும், வெல்லம் எவ்வளவு, எந்தப் பதத்தில் உருட்ட வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல, மருமகள் பையிலிருந்து கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தாள். அட்டையில் வெள்ளி நட்சத்திரம். அவளுடைய நிழல்களின் புத்தகம். எனக்குக் காட்டக் கூடாதது.

எட்டிப் பார்த்தேன். மறைக்கவில்லை. மண்டைப்புட்டுப் பக்குவத்துக்குக் கீழே பாட்டியின் பெயர், கரமனை, அன்றைய தேதி. முதல் பக்கத்துக்குத் திருப்பிக் காட்டினாள். முன்பு அங்கே ஏதோ எழுதி அடித்திருந்தது. பத்தாயிரம் என்ற எண் மட்டும் அடித்தலுக்கு அடியில் தெரிந்தது. அதற்குக் கீழே புது மசியில் ஒரு பட்டியல்: கார்ட்னர், வேலியன்டி, குரோலி, மாதர்ஸ், லேலண்ட், கிப்ளிங், பென்னட், பொன்னம்பலம் இராமநாதன்.

"கிப்ளிங் பெயரில் புள்ளி விட்டுப்போச்சு" என்றேன்.

"சரி பண்ணிக்கறேன் மாமா" என்று பேனாவைத் திறந்தாள்.